நிறம் ஏறாத ஸ்லைடு

ஜூன் 11

மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் சாப்பாட்டு மேசையின் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். மேசை ஆடுகிறது. ஆடட்டும்.

என் மனைவி சசியின் குதிகாலில் இருந்து எடுத்த சதையின் ரிப்போர்ட் வந்துவிட்டது. கால் ஆணி இல்லை. மெலனோமா. தோல் புற்றுநோய்களிலேயே பொல்லாதது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆறு வருடமாக நான் சோறு தின்பதே இந்த நோயை வைத்துத்தான். கோயம்புத்தூரில் இந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து, யார் யாருடைய உள்ளங்காலையோ மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். நம் ஊர் ஆட்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் உள்ளங்காலில்தான் வருகிறது. தார் ஒட்டியதுபோல் கறுப்பாக வரும். சசிக்கு வந்தது கறுப்பே இல்லை. வெளிறிய ரோஸ் நிறத்தில், தொட்டால் கெட்டியாக, ஆணி மாதிரியேதான் இருந்தது. அவள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கோ-கோ டீமோடு வெறுங்காலில் ஓடுகிறவளுக்கு ஆணி வருவது அதிசயமா? மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினாள். பிளேடால் சீவினாள். பிளேடை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

"ஆணின்னுதானுங்களே நெனச்சோம்" என்றாள், ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு. அப்புறம், "நாளைக்கு ஸ்கூல்ல புதுப் புள்ளைக செலக்‌ஷன். லீவு போட முடியாதுங்" என்றாள்.


ஜூன் 14

சாயங்காலம் சசி கேட்டாள்: "உங்க கேட்டு இதுக்கு என்னங்க சொல்லுது?"

என் ஆராய்ச்சியை அவள் 'கேட்டு' என்றுதான் சொல்வாள். தப்பில்லை. ஒவ்வொரு செல்லின் சுவரிலும் உப்பு அயனிகள் போய்வர வாசல்கள் உண்டு. வாசல் என்பது ஒரு புரதம். சில புற்றுக் கட்டிகளில் ஒரு குறிப்பிட்ட வாசல் அளவுக்கு மீறி முளைத்துக் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்து, இந்தக் கட்டி உடம்பில் பரவும், இது பரவாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. கட்டியைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடில், அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை விடுவோம். பிறகு, அந்த ஆன்டிபாடியில் மட்டும் ஒட்டும் பழுப்புச் சாயம். பழுப்பு தெரிந்தால் அங்கே வாசல் இருக்கிறது. பழுப்பே இல்லாவிட்டால் மார்க் பூஜ்யம். கருகருவென்று ஏறிவிட்டால் மூன்று.

இதுவரை பார்த்ததில், மூன்று வாங்கியவர்கள் பெரும்பாலும் செத்துப்போனார்கள். பூஜ்யம் வாங்கியவர்கள் பெரும்பாலும் இருக்கிறார்கள்.

"அது இன்னும் ஆராய்ச்சிதான். ஆளுகளுக்குச் சொல்றதில்ல" என்றேன்.

"நான் ஆளுங்களா?" என்று சிரித்தாள்.


ஜூன் 20

அறுவை சிகிச்சை டாக்டர் பாலகுருவைப் பார்த்தோம். நல்ல மனுஷர். படம் வரைந்து காட்டினார்.

"குதிகால்ல அகலமா எடுத்துட்டுத் தொடையில இருந்து தோல் வெச்சிரலாம்மா. அதுல பிரச்சனையில்ல. கூடவே தொடை இடுக்குல இருக்கற முதல் நிணநீர்க் கணுவையும் எடுத்துப் பார்த்திரணும். நோய் கிளம்பிப் போனா முதல்ல தங்கற இடம் அதுதான். அங்க இருந்தா இப்பவே மருந்து ஆரம்பிச்சிரலாம்."

"அத எடுத்தா கால் வீங்குங்களா?"

"சிலருக்கு வீங்கும். எல்லாருக்கும் இல்ல."

"ஓட முடியுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எடுப்பதுதான் நல்லது என்றும், முடிவு எங்களுடையது என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் பின்னால் இருந்து சசி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏனுங், நீங்க சொல்லுங். எடுக்கோணும்னா எடுத்தர்லாம். வேண்டாம்னா வேண்டாம். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.


ஜூன் 22

கேஸ் தீர்ந்துவிட்டது. ஹோட்டல் இட்லி. சட்னியில் உப்பே இல்லை.


ஜூன் 25

இன்று ஸ்லைடுத் தட்டில் ஒன்று கூடுதல். யாருடையது என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

சாயம் ஏறவே இல்லை. சுத்தம். லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஸ்கேனரில் வைத்து கம்ப்யூட்டரையும் பார்க்கச் சொன்னேன், அது என்னைப்போல் ஆசைப்பட்டுப் பார்க்காது. அதுவும் பூஜ்யம் என்றது. இவ்வளவு சுத்தமான பூஜ்யத்தை இதுவரை பார்த்ததில்லை.

மருதமலை முருகனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆராய்ச்சிக் கூடத்துக்குள் சாமி கும்பிடுகிறவர்களைக் கிண்டல் செய்கிறவன் நான்.


ஜூன் 26

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். சசி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"கணு எடுக்க வேண்டாம் சசி. குதிகால மட்டும் பண்ணிக்கலாம். அது போதும்."

"நெசமாவா?"

"தைரியமா இரு. எனக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். பிறகு "அப்பச் சரிங்" என்று கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்ல செய்தி சொன்ன வீட்டில் ராத்திரி ரசம் மட்டும்தான்.


ஜூலை 3

ஆபரேஷன் முடிந்தது. குதிகாலில் ஒரு பள்ளம், அதன்மேல் தொடைத் தோல். உள்ளே கொண்டுபோகும் முன் பாலகுரு மறுபடியும் ஒருமுறை கேட்டார்: "கணு கண்டிப்பா வேண்டாமா மூர்த்தி?" வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்றேன். சரி என்றார். இந்த டாக்டர்களுக்கு எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்தால்தான் திருப்தி.


ஜூலை 29

சசி ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போகிறாள். மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு விசிலிலேயே டீமை ஓட்டுகிறாளாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண்கள் வாசலில் வந்து "மிஸ்" என்று கூப்பிட்டால் இவள் முகம் மாறுகிற மாதிரியைப் பார்க்க வேண்டும். கொய்யாப்பழம் கொண்டுவந்தார்கள். ஒன்றை நான் எடுத்ததற்கு, "அது மிஸ்ஸுக்கு சார்" என்றது ஒன்று. சரியான வாயாடி.


ஆகஸ்ட் 17

எங்கள் தலைவர் எஸ்தர் மேடம் கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டார். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில், பழுப்பு குறைந்தவர்களின் கோடு மேலேயே போகிறது. பழுப்பு கூடியவர்களின் கோடு படியில் உருண்டதுபோல் இறங்குகிறது. மேடம் திரையைத் தொட்டு, "மூர்த்தி, இது ஆளுங்களுக்கு நிஜமாவே உதவும்ப்பா" என்றார். நான் அந்த மேல் கோட்டில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


செப்டம்பர் 12

மிக்ஸியில் புஷ் தேய்ந்துவிட்டது, மாற்றினேன். சசி டிராக் பேன்ட் போடுவதை விட்டுவிட்டுத் தொளதொளவென்று சுடிதார் போடுகிறாள். இடுக்கில் உரசுகிறதாம். இந்த வருடம் வெயில் ஆவணியிலும் விடவில்லை. வியர்வையாகத்தான் இருக்கும்.


செப்டம்பர் 30

மண்டல அளவு கோ-கோவில் சசியின் டீம் ஜெயித்துவிட்டது. கோப்பையைக் கட்டிக்கொண்டு நிற்கிற போட்டோவில் இடது காலை ஊன்றாமல் நிற்கிறாள். கேட்டதற்கு, குதிகால்தான் என்றாள்.


அக்டோபர், ஆயுத பூஜைக்கு முந்தின நாள்

காலையில் கிளம்பும்போது சசி என் கையைப் பிடித்து இழுத்து இடது தொடை இடுக்கில் வைத்தாள். "இங்க சித்தத் தொட்டுப் பாருங்."

நெறிகட்டியிருக்கிறது. காலில் புண் இருந்தால் கட்டுவதுதான். "புண்ணு ஆறிப்போச்சுங்களே?" என்றாள். உள்ளே ஆறியிருக்காது என்றேன். பாலகுருவைப் பார்த்துவிடலாம் என்றேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நெல்லிக்காய் அளவு.

ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரே அவசரம். நாளைக்குக் கருவிகளைத் தொடக் கூடாது, அதனால் கையில் இருக்கும் தட்டு ஸ்லைடுகளை இன்றே முடிக்கச் சொன்னார் மேடம். முடித்தேன். எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எஸ்தர் மேடம்தான் வருடா வருடம் பொரி வாங்கி வருவார். எனக்குக் கொடுத்த பிடியை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.


அக்டோபர், பூஜை கழிந்து

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

முந்தாநாள் போட்ட தட்டைப் பார்த்தேன். எப்போதும்போல் நல்ல பழுப்பு. மார்க் போட்டேன். ஒன்று, மூன்று, மூன்று, இரண்டு. பிறகு அடுத்த தட்டுக்காக ஃபிரிட்ஜைத் திறந்து ஆன்டிபாடிக் குப்பியை எடுத்தேன். பழைய குப்பி போன வாரமே தீர்ந்துவிட்டது. இது புதுசு. மூடியில் சீல் அப்படியே இருந்தது.

சீல் உடைக்காத குப்பியிலிருந்து எப்படி ஆன்டிபாடி விட்டிருப்பேன்? விடவில்லை. சசியின் இடுக்கில் இருந்த கையோடு வந்து, ஆன்டிபாடியைக் கலக்காமல் வெறும் உப்புக் கரைசலை விட்டுவிட்டு, மேலே சாயத்தை ஊற்றியிருக்கிறேன். பிடிக்க ஆளே இல்லாத ஸ்லைடில் சாயத்துக்கு ஒட்ட இடமே கிடையாது. கண்ணாடிபோல வந்திருக்க வேண்டும். கருகருவென்று வந்திருக்கிறது.

நாங்கள் இத்தனை வருடம் பார்த்தது சாயத்தை அல்ல. மெலனினை. தோலுக்கு நிறம் கொடுக்கிற அந்தப் பொருளும் பழுப்புதான். கட்டியின் சொந்த நிறத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இது தெரியாத விஷயமும் இல்லை. முதல் வருட மாணவனுக்கே சொல்லித்தருவது. மெலனினை முதலில் மருந்தில் வெளுத்துவிட்டுத்தான் சாயம் போட வேண்டும். தொடக்கத்தில் செய்தோம். வெளுக்கும்போது சதைச் சீவல் கண்ணாடியை விட்டுக் கழன்று மிதந்தது. பத்து ஸ்லைடு போட்டால் ஆறுதான் தேறும். அப்போதுதான் புது ஸ்கேனர் வந்தது, இரண்டு பழுப்பையும் பிரித்துச் சொல்லிவிடும் என்றார்கள். வெளிறிய ஸ்லைடு ஒன்றில் ஆன்டிபாடி விடாமல் சரிபார்த்தோம், சுத்தமாக வந்தது. சரிபார்ப்பதற்கு எப்போதும் வெளிறிய ஸ்லைடைத்தான் எடுப்போம், பார்க்கத் தெளிவாக இருக்கும் என்று. வெளுக்கிற வேலையை விட்டுவிடலாம் என்று சொன்னவன் நான்.

மூன்று வாங்கியவர்கள் ஏன் செத்தார்கள் என்பதும் இப்போது புரிகிறது. நம் ஆட்கள் கறுத்துப் பெருத்து வெடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்கள் எவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்பதைத்தான் நாங்கள் அளந்திருக்கிறோம்.

வெளிறிய கட்டிக்கு எப்படியும் பூஜ்யம்தான் வந்திருக்கும். ஆணி மாதிரி இருந்த ஒரு கட்டிக்கு.


அக்டோபர் 24

மேடத்திடம் சொன்னேன். சீல் உடையாத குப்பியையும் ஸ்லைடுகளையும் மேசையில் வைத்தேன். ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டுரையை நிறுத்திவிடலாம் என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

"இதை வச்சு யாருக்காவது ஏதாவது சொல்லியிருக்கமா மூர்த்தி? பேஷன்ட் யாருக்காவது?"

"இல்லை மேடம்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அது போதும்."


நவம்பர் 2

ஸ்கேன். தொடை இடுக்கில் கணுக்கள் திரண்டிருக்கின்றன. இரண்டு நுரையீரல்களிலும் புள்ளிகள்.

பாலகுரு எதையும் குத்திக்காட்டவில்லை. ஜூன் மாதத்துப் பேச்சே எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.


நவம்பர் 3

மேசையை நேராக்கலாம் என்று அட்டையை மடித்து வைத்தேன். இன்னும் ஆடுகிறது.


நவம்பர் 9

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சசி, அன்னைக்கு வேண்டாம்னு சொன்னேன்ல. உன் கட்டியை எங்க சாயத்துல போட்டுப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

"தெரியுமுங்."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு வாசல்லயே சிரிச்சுட்டு வந்தீங்க. ரிசல்ட் வந்தா மட்டுந்தான் நீங்க அப்படிச் சிரிப்பீங்க."

மீதியையும் சொன்னேன். குப்பி, சீல், பழுப்பு, எல்லாம். ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அது பொய்யிங்களா?"

"பொய்கூட இல்ல. அதுல ஒண்ணுமே இல்ல."

துண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். இல்லை.

"நான் ஸ்லைடையாங்க கேட்டேன்? உங்களத்தானுங்களே கேட்டேன். கால் வீங்குனா வீங்கீட்டுப் போவுது, ஓடாட்டிப் போவுது, எடுத்துக்க சசி, நீ இருந்தாப் போதும்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன். நானா எடுத்துக்கறேன்னு சொல்றதுக்குப் பயமா இருந்துச்சுங். நீங்க சொன்னா தைரியமாப் போய்ப் படுத்துக்கலாம்னு இருந்தேன்."

அடுத்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க வேண்டாம்னுட்டீங்க" என்றாள்.

அன்றைக்குக் கீரைத் தட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அது நிம்மதி என்று நானே ஜூன் 26-இல் எழுதிவைத்திருக்கிறேன். மைக்ராஸ்கோப் இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதை வைத்தும் தெரியவில்லை. எனக்கு வாழ வேண்டும் என்றே தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றுகிறது. அதைக் கெடுத்தவன் நான்.


நவம்பர் 21

பழைய ஸ்லைடுகள் அத்தனையையும் திரும்பப் போடப்போகிறோம். மெலனினை வெளுத்துவிட்டு, பழுப்புக்குப் பதில் சிவப்புச் சாயம். மேடத்திடம் மீதி உண்மையையும் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவங்க ஸ்லைடும் வரிசையில இருக்கட்டும். முறையாக் கேட்டு வாங்கிட்டு வா" என்றார்.

சம்மதத் தாளைச் சசியிடம் நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டாள், பிள்ளைகளின் லீவ் லெட்டரில் போடுவதுபோல. "இதாவது சரியா வருங்களா?" என்றாள்.


டிசம்பர் 13

சதைச் சீவல் கழன்று மிதக்கிறது. மிதந்தால் இன்னொன்று சீவுகிறேன்.


டிசம்பர் 19

அந்தப் பெண்கள் வந்திருந்தார்கள். மாநிலப் போட்டிக்குப் போகிறார்களாம், கூட வேறொரு டீச்சர். சசி கட்டிலில் உட்கார்ந்தபடியே, யார் எந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும் என்று தலையணைகளை அடுக்கிக் காட்டினாள். அவர்கள் போன பிறகு தலையணைகளை யாரும் எடுக்கவில்லை. அவற்றின் நடுவிலேயே படுத்துக்கொண்டாள். வாயாடிப் பெண் இந்தமுறை எனக்கும் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது.


ஜனவரி 8

சிவப்பு ஸ்லைடுகளுக்கு மார்க் போடும் நாள். யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காகப் பெயர்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஒன்று, பூஜ்யம், இரண்டு, ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

அதற்கடுத்ததை வைத்ததும் தெரிந்துவிட்டது. ஸ்டிக்கர் என்ன செய்யும்? குதிகால் தோலின் தடிப்பு, பிளேடால் சீவிய இடத்தில் மட்டும் தட்டையாக, அதன் கீழே கட்டி. அந்தத் தட்டையான இடத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

முழுக்கச் சிவப்பு. ஓரம்வரை சிவப்பு. செல்லுக்குச் செல் வாசல் திறந்து கிடக்கிறது.

மூன்று என்று போட்டேன். மூன்று என்றால் என்ன அர்த்தம் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எல்லா ஸ்லைடும் முடிந்து, யார் செத்தார்கள், யார் இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கும் அவளுடைய முடிவு ஒரு புள்ளியாக வேண்டியிருக்கும்.


ஜனவரி 10

பாலகுரு நவம்பரிலேயே பார்க்கச் சொன்ன புற்றுநோய் மருந்து டாக்டரை, சசி தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இன்றுதான் பார்த்தோம். நரம்பில் ஏற்றும் மருந்து ஒன்று இருக்கிறது. சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது, உடம்பைப் படுத்தும் என்றார். கணு அளவில் இருந்தபோதே தொடங்கியிருந்தால் வாய்ப்பு அதிகம் என்று அவர் பொதுவாகத்தான் சொன்னார். அவருக்கு எங்கள் கதை தெரியாது.

வீட்டுக்கு வந்து சசி சோபாவில் சாய்ந்தாள். நான் கீழே உட்கார்ந்திருந்தேன். ஸ்லைடு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங், ஊசி போட்டுக்கட்டுங்களா? வேண்டாங்களா? நீங்க சொல்லுங்."

அதே கேள்வி. என்னிடம் கையில் ஒன்றும் இல்லை. கோடும் இல்லை, மார்க்கும் இல்லை.

"போட்டுக்க சசி" என்றேன். "கேக்குதோ கேக்கலயோ, என்ன படுத்துனாலும் சரி. போட்டுக்க. நீ இருக்கோணும். எனக்கு நீ வேணும்."

என் தலைமுடியைக் கோதிவிட்டாள்.

"இப்பச் சொல்றீங்க" என்றாள்.

பிறகு இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, அமுக்கிவிடச் சொல்லி என் மடியில் வைத்தாள். வீங்கியிருந்தது.